சாவியோவின் கவுன்சலிங்கும் எங்கள் தூதுக்குழுவும்

துறைமுகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு தொழிலாளியைக்கூட விசாரணைக்குத் தனியாக அனுப்பியதில்லை. மேலதிகாரி எவனைக் கூப்பிட்டாலும் கூடவே நானும் போவேன். சங்கத்தின் கிளைச் செயலாளர் என்ற முறையில் அது என் உரிமை, என் கடமை, உள்ளதைச் சொன்னால் என் ஒரே பொழுதுபோக்கு. வேலை நேரத்தில் தூங்கிய காவலாளி, பர்மா போகவேண்டிய சரக்கைக் கொழும்புக் கப்பலில் ஏற்றியவன், அதிகாரியின் ஸ்கூட்டர்மேல் ஃபோர்க்லிஃப்டை விட்டு அதை அப்பளமாக்கியவன் என்று நான் காப்பாற்றியவர்களை வரிசையில் நிறுத்தினால், ராயபுரத்தில் ஆரம்பிக்கும் வரிசை எண்ணூர் தாண்டி காட்டுப்பள்ளிக் கடற்கரையில் போய்த்தான் முடியும்.

ஓய்வு பெற்றதும் என் வாய்க்கு வேலை இல்லாமல் போனது. வீட்டிலும் விசாரணைகள் நடக்கத்தான் செய்தன. ஆனால் நடத்துகிறவள் என் மனைவி கெங்கம்மா, குற்றவாளி நான். அங்கே பிரதிநிதிக்கு அனுமதி இல்லை.

இப்படி நான் வாடிக்கொண்டிருந்த 2003ஆம் வருடத்தில்தான் வால்டர் மகனுக்கு அழைப்பு வந்தது.

வால்டர் எங்கள் தெருக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மகன் சாவியோ திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருடம். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ரஷீது பாயின் எஸ்.டி.டி. பூத் நம்பர்தான் நம்பர். கல்லூரியிலிருந்து அங்கே பேசினார்கள். சாவியோ வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கவுன்சலிங்குக்கு வரவேண்டும், தனியாக வரவேண்டும். ரஷீது பாய் ரகசியத்தைக் காப்பாற்றுகிற மனிதர். ஆனால் இது ரகசியம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. பூத் வாசலில் நின்றபடியே வால்டர் வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

எங்களில் யாருக்கும் அன்று தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சாவியோவே என்னிடம் சொன்னதுதான். கல்லூரி அவனைத் தானாகக் கூப்பிடவில்லை. கவுன்சலிங் வேண்டுமென்று பெயர் கொடுத்தவனே அவன்தான். காரணம், அதற்கடுத்த திங்கட்கிழமை. எண்ணூர் சாலையில் புதிதாக வந்த ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டப் பயிற்சிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். முதல் தேர்வு, செங்குத்தான ஏணியில் ஏறிக் காட்டுவது. வால்டரின் அப்பா கிரேன் ஓட்டினார், வால்டர் ஓட்டுகிறார், அடுத்து சாவியோ என்று வால்டர் ஞானஸ்நானத்தன்றே முடிவு செய்துவிட்டார். பார்க்காத ஆள் இல்லை, பிடிக்காத கால் இல்லை, எப்படியோ மகன் பெயரைச் சேர்த்துவிட்டார்.

மகனுக்கோ உயரம் என்றால் பயம். சாதாரண பயமில்லை. ராயபுரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறுவதைவிட ஊரைச் சுற்றி நடக்கிறவன். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? முதலில் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பழகினால், அப்புறம் அப்பாவிடம் சொல்ல வாய் வரும் என்று நினைத்திருக்கிறான். நல்ல யோசனைதான். நடுவில் நான் இருப்பதை மறந்துவிட்டான்.

வால்டர் மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"தலீவரே, பையன என்கொயரிக்குக் கூப்ட்டுகீறாங்கோ. தனியா வரணுமாம்."

"தனியாவா?"

"தனியாதான். ரஷீது பாய் ரெண்டு தபா கேட்டுகினாராம்."

எனக்குப் பத்து வயது குறைந்தது. "சார்ஜ் ஷீட் குட்த்தாங்களா?"

"இல்லியே."

"நோட்டீசு?"

"போன்தான் தலீவரே."

"குத்தம் இன்னான்னு சொல்லாம, எய்த்துல ஒண்ணும் குடுக்காம, தனியா வரச் சொல்றாங்கன்னா, வால்டரு, இது பெரிய கேஸு."

வால்டரின் மனைவி பிலோமியும் பின்னாலேயே வந்துவிட்டார். கூடவே சாவியோவையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். "பொண்ணு விசயமா இருக்குமோண்ணே? நாலு மாசமா சோறு எறங்கல இவனுக்கு. வஞ்சிர மீனு வறுத்து வெச்சா அதையே மொறச்சுப் பாத்துகினு குந்திகினு கீறான்."

சாவியோ மெல்ல வாயைத் திறந்தான். "இல்ல மாமா, நானேதான் பேரு குட்த்தேன்."

"பாத்தியா வால்டரு, வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிறான். தம்பி, இந்த வார்த்தைய அங்க வந்து சொன்னேன்னு வெச்சுக்க, கேஸு காலி. நானேதான் பண்ணேன்னு எந்தத் தொழிலாளியாச்சும் சொல்வானா?"

அன்று மாலை அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். துறைமுகத்தில் முப்பது வருடம் யாராலும் உடைக்க முடியாத பயிற்சி. எது கேட்டாலும் 'ஞாபகம் இல்லை' என்று சொல்ல வேண்டும். மீண்டும் கேட்டால் 'எழுத்து மூலமா குடுங்க'. இரண்டும் பலிக்காவிட்டால் தண்ணீர் கேட்க வேண்டும். அவன் என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாங்கள் நால்வரும் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். விசாரணை இழுக்கும் என்பதால் பிலோமி மீன் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டார். வால்டர் மே தின ஊர்வலத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. ஆட்டோவில் ஏற்கெனவே ஒரு குடும்பமே இருந்ததால் நான் டிரைவர் பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தேன். மறு பக்கம் திருவொற்றியூர் வரைக்கும் காற்றில் பயணம் செய்தது. வழி நெடுகக் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றிருந்தன. ஒரு யார்டைக் கடக்கும்போது வால்டர் மகன் முதுகில் தட்டி, உள்ளே தெரிந்த கிரேனைக் காட்டினார். சாவியோ பார்க்கவில்லை. ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

கவுன்சலிங் அறை முன்பு என்.சி.சி. பூட்ஸ் வைத்திருந்த அறை. பூட்ஸ் போய்விட்டது, வாசனை போகவில்லை. எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சின்ன மேஜை, மேஜைமேல் மெல்லிய காகிதக் கைக்குட்டைகள் அடுக்கிய ஒரு பெட்டி. வால்டர் என் காதில் கிசுகிசுத்தார்.

"அய வெக்கிறதுக்கு எல்லாம் ரெடியா வெச்சுகீறாங்க தலீவரே."

கவுன்சலர் சங்கமித்ரா சின்னப் பெண். கஞ்சி போட்ட காட்டன் புடவை, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட இருக்காது. உள்ளே நுழைந்த எங்களைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வணக்கம். சாவியோ மட்டும் இங்கே இருக்கட்டும். மற்றவர்கள் தயவுசெய்து வெளியே காத்திருங்கள்."

"மேடம், நான் சாவியோவோட பிரதிநிதி."

"எதற்குப் பிரதிநிதி?"

"விசாரணைக்கு."

"இது விசாரணை இல்லை சார். தனிநபர் ஆலோசனை. அவர் மனதில் உள்ளதைப் பேசலாம், நான் கேட்பேன்."

"அவன் பேசுறது எதுல பதிவாகும்?"

"எதிலும் பதிவாகாது. எங்கள் இருவருக்குள்ளேயே இருக்கும்."

என் உடம்பு சிலிர்த்தது. குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, பதிவும் இல்லை. என் அனுபவத்தில் இப்படியொரு விசாரணையை எந்த நிர்வாகமும் துணிந்து நடத்தியதில்லை. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மற்றதில் பிலோமியை உட்காரச் சொன்னேன். கவுன்சலர் நின்றார்.

அந்தப் பெண் பொறுமைசாலி. இருக்கிற நிலைமையில் முயற்சி செய்து பார்க்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். "சாவியோ, எப்படி இருக்கிறீர்கள்?"

சாவியோ என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல இருந்தது ஒரே விஷயம், அந்த விஷயம் கேட்கக்கூடாத ஒரே மனிதர் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். வேறு என்ன செய்வான்?

"ஞாபகம் இல்ல மேடம்."

"இரவு சரியாகத் தூக்கம் வருகிறதா?"

"எழுத்து மூலமா குடுங்க மேடம்."

"என்னிடம் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று நினைத்தீர்கள்?"

"தண்ணி வேணும் மேடம்."

எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஒரு மாணவன் எனக்குப் பணிக்காலத்தில் கிடைத்திருந்தால் துறைமுகத்தையே எழுதி வாங்கியிருப்பேன்.

கவுன்சலர் தண்ணீர் கொடுத்தார். பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கைகளைக் கட்டி, முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டு சும்மா நின்றார். எதிராளி தானாகப் பேசுகிறவரை மௌனமாகக் காத்திருக்க வேண்டும் என்று அவர்கள் படிப்பில் சொல்லித்தருவார்களாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், போனஸ் பேச்சுவார்த்தையில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்பான் என்பதுதான். ஆக, பெரிய ஆள் ஒருவரிடம் மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. நானும் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

மௌனம் தொடர்ந்தது. மின்விசிறி மட்டும் சங்கத்தில் சேராமல் கிரீச்சிட்டது. வெளியே ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்து, போய் முடித்து, அத்திப்பட்டில் நிலக்கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பியும் வந்தது. அவ்வளவு நேரம் இல்லை என்று பிலோமி இன்றைக்கும் சாதிக்கிறார். நம்பாதீர்கள். என் மூக்கு அரித்தது, சொறியவில்லை. கவுன்சலர் கண்ணே சிமிட்டவில்லை.

உடைந்தது வால்டர்.

"நல்ல பையன் மேடம். திங்கக்கிழம கிரேன் ஏறப் போறான். எங்க வூட்ல மூணாவது ஆளு. ஏணி சும்மா வானத்துக்குப் போவும் மேடம். பாதி ஏறசொல்ல கீழ பாத்தீங்கன்னா ஆளுங்கல்லாம் எறும்பாட்டம் தெரிவாங்கோ. காத்து அட்ச்சா ஏணி ஸோக்கா ஆடும். மேல கேபின்ல குந்திகினா, காலுக்குக் கீய கண்ணாடி. கண்ணாடிக்குக் கீய ஒண்ணுமே கெடியாது. அந்த சொகம் இருக்கே..."

சாவியோவின் முகம் பாசிப்பயறு நிறத்துக்குப் போனது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களையே கவுன்சலர் பார்த்தார். நாங்கள் பார்க்கவில்லை. பிலோமி நடுவில் புகுந்து, கிரேன் ஆப்பரேட்டர் மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன் போடுவார்கள் என்று ஆரம்பித்தார். நான் நடைமுறைக்கு ஆட்சேபம் தெரிவித்தேன். மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் செய்தி வாசிப்பாளர் தமிழ் அறுந்து விழுந்தது.

"ஐய, இன்னா நைனா இது, ஒரே பேஜாரா கீது. பேச வந்தவன் ஊமையாட்டம் நிக்கிறான், கூட வந்தவங்க குந்திகினு பேசிகினே கீறீங்க. ஒரு மன்சன் வாயத் தொறக்க ஒரு சந்து வுடுவீங்களா மாட்டீங்களா?"



பிலோமி முகம் மலர்ந்தது. "எந்த ஏரியாம்மா நீ?"

"வியாசர்பாடி. எங்க நைனா பேரு அசோகன், ரயில்வே பட்டறைல இருந்தாரு."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நீ பாட்டுக்கு ரேடியோவாட்டம் பேசிகினு இருந்தா நாங்க இன்னான்னு நெனைக்கிறது?"

"பட்டறை அசோகனா?" என்றேன். "சங்கத்து ஆளாச்சே."

"ஆமா. அவரு சோறு துன்னசொல்லகூட தொழிலாளர் சட்டம்தான் பேசுவாரு. சரி நைனா, உங்க வழிக்கே வரேன். இது என்கொயரின்னே வெச்சுக்கலாம். என்கொயரிக்கு முன்னாடி தொழிலாளி தன்னோட பிரதிநிதிகிட்ட தனியா பேசலாமா, கூடாதா?"

"பேசலாம். அது அடிப்படை உரிமை. அதுக்காக ஒரு நாள் கப்பலையே நிறுத்தியிருக்கேன்."

"பிரதிநிதி யாருன்னு யாரு முடிவு பண்ணணும்?"

"தொழிலாளிதான்."

சொல்லி முடித்த பிறகுதான் கால் எங்கே மாட்டியது என்று தெரிந்தது. அவர் சாவியோ பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி. ஒன் பிரதிநிதி யாரு? இவரா, நானா?"

சாவியோ முதல்முறையாக என்னைப் பார்க்காமல் பதில் சொன்னான். "நீங்கதான் மேடம்."

முப்பது வருடத்தில் எந்த நிர்வாகத்தாலும் முடியாத காரியம். ஒரே வார்த்தையில் என்னைப் பதவி நீக்கம் செய்துவிட்டான்.

வெளியே தாழ்வாரத்தில் நாங்கள் மூவரும் கதவைப் பார்த்தபடி நின்றோம். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதைக் கதவின்மேல் சாய்த்து ஓய்வெடுத்தேன், அவ்வளவுதான். கன்னத்தில் ஒட்டிய பச்சைப் பெயின்ட் மறுநாள் மண்ணெண்ணெய் போட்டுத்தான் போனது. ஆனால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அயுறானா?" என்றார் பிலோமி.

"தெர்ல."

"பொண்ணு விசயந்தான்," என்றார் வால்டர். "எந்தப் பொண்ணா இருந்தாலும் கட்டி வெச்சுடலாம். மொதல்ல திங்கக்கிழம கிரேன் ஏறட்டும்."

கதவு திறந்தது. சாவியோ வெளியே வந்தான். பின்னால் வந்த சங்கமித்ரா நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். பையன் கண் சிவந்திருந்தாலும் முதுகு நிமிர்ந்திருந்தது.

"அப்பா, நான் கிரேன் ஏறல. உயரம்னா பயம்."

வால்டருக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"எனக்கு."

"எந்த உயரம்?"

"எல்லா உயரமும்."

"அடப்பாவி," என்றார் பிலோமி. "அதான் மொட்ட மாடில துணி காயப்போடச் சொன்னா மட்டும் படிக்கிறதுக்கு நெறைய கீதுன்னு சொல்லுவியா?"

வால்டர் படிக்கட்டில் உட்கார்ந்தார். உலகத்தில் அப்படி ஒரு வியாதி இருப்பதே அவருக்குத் தெரியாது. மீனுக்குத் தண்ணீர் பயம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? தலையைத் தூக்கி மகனைக் கேட்டார்.

"எத்தினாவது படில பயம் வருது?"

"கீழேருந்து பாக்கசொல்லவே வருது."

"அப்ப இன்னா வேலைக்குதான் போவ?"

"தெர்லப்பா. பரீட்ச முடியட்டும். தரைல ஏதாச்சும்."

"தரைலயா? டேலி கிளார்க்காட்டமா?"

நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னார். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கீழே நின்று எண்ணிக் குறித்துக்கொள்கிறவன்தான் டேலி கிளார்க். நான் ஓய்வு பெறும் வரை பார்த்த வேலையும் அதுதான். கிரேன்காரர்களுக்கு எங்களைக் கண்டால் இளப்பம். மேலிருந்து வெற்றிலை எச்சிலைத் துப்பினால் அது காற்றில் எந்த டேலி கிளார்க்கின் தலைக்குப் போகும் என்று பந்தயம் கட்டுவார்கள். ஆனாலும் சமயம் அறிந்து அவமானத்தை விழுங்கினேன். பேச்சுவார்த்தைக்கு வழி இருந்தது.

"வால்டரு, கண்ணுல பவரு கம்மின்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிடலாம். எனக்குத் தெரிஞ்ச டாக்டரு கீறாரு. ஒன் மானமும் போவாது."

"வோணாம் மாமா," என்றான் சாவியோ. "கண்ணு நல்லாதான் கீது. அதான் பிரச்சனையே. திங்கக்கிழம நானே போயி சொல்லிட்டு வந்துடுறேன்."

"யாருகிட்ட?" என்றார் வால்டர்.

"அங்கதான். பேரு கூப்டசொல்ல."

"எல்லாரு எதிர்லயுமா? எங்கூட வேல செய்றவன் அத்தினி பேரும் அங்க நிப்பானுங்கடா." வால்டர் எழுந்தார், வெள்ளைச் சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டார், எங்கள் யாரையும் பார்க்காமல் நடந்து போனார். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நடந்தே போனாராம். மீன் குழம்பை நாங்கள் கவுன்சலரோடு சேர்ந்து சாப்பிட்டோம். சாவியோ இரண்டு தடவை சோறு வாங்கினான்.

திங்கட்கிழமை வரை வால்டர் மகனோடு பேசவில்லை. யார்டுக்கு வரமாட்டேன் என்று பிலோமியிடம் சொல்லி அனுப்பினார். நான் போனேன். நான் போகாமல் இந்த உலகத்தில் எது நடக்கும்?

யார்டில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு ஓரமாக அப்பாக்கள், எல்லாரும் கிரேன் வம்சம், மகன் மேலே ஏறிவிட்ட மாதிரி இப்போதே கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து வானம் பார்த்து நின்றார்கள். அதிகாரி ஒருவர் பெயர் வாசிக்க, ஒவ்வொருவனாக முதல் தட்டு வரைக்கும் ஏறி இறங்கினான். நின்றிருந்த ஒரு லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மே தின வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"சாவியோ வால்டர்."

பையன் முன்னால் போனான். ஏணியைத் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். குரல் கணீரென்று வந்தது.

"சார், எனக்கு உயரம்னா பயம். நான் ஏறல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் ஏன்பா வந்தே?"

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

யார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாக நழுவி சாவியோ பக்கத்தில் வந்து நின்றான். ராசையா என்ற கிரேன்காரரின் மகன். அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் பாதி வரிசை கரைந்தது, ஏணி வெட்கப்பட்டு நின்றது. பாதியெல்லாம் இல்லை, இரண்டே பேர்தான் என்பது வால்டர் கட்சி. கிரேன்காரர்களுக்கு எண்ணத் தெரியாது.

ராசையா கொதித்துப் போனார். சாவியோவின் சட்டைக் காலரைப் பிடிக்கப் போனார். "ஒன்னாலதாண்டா எம் புள்ளையும் கெட்டான். பயமாம், பயம். எந்த ஊரு பயக்கம்டா இது? ஒங்கப்பன் எங்க? வெக்கத்துல வூட்ல பூந்துகினானா?"

லாரிக்குப் பின்னாலிருந்து வால்டர் வந்தார்.

"கைய எடு ராசையா."

"ஒம் புள்ள இன்னா பண்ணான்னு பாத்தியா?"

"பாத்துகினுதான் இருந்தேன். பயமா கீதுன்னு அத்தினி பேரு எதிர்ல சொன்னான். இவ்ளோ வருசமா கிரேன் ஓட்றேன், சூப்பர்வைசராண்ட ஒரு நாள் லீவு கேக்க எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கும். இவன் சொல்லிட்டான். ஒம் புள்ள மேல ஏறி, பாதி ஏணில காலு ஒதறி நின்னுருந்தா யாரு போயி எறக்குறது? நீயா? ஒனக்கு முட்டி வலி."

ராசையா கையை எடுத்தார். தன் மகனைப் பார்த்தார். "மெய்யாலுமே பயமாடா?" என்று கேட்ட குரலில் பாதிச் சூடு இறங்கியிருந்தது. பையன் தலையை ஆட்டினான்.

இதுதான் சமயம் என்று நான் நடுவில் போய் நின்றேன். இரு தரப்பும் ஏற்கும்படி ஒரு சமரசத் திட்டம் தயாராக வைத்திருந்தேன்.

"தலீவரே," என்றார் வால்டர், "நான் எம் புள்ளையாண்ட கொஞ்சம் தனியா பேசணும். நீங்க வெளிய நில்லுங்க."

வெளியே என்றால் எங்கே? அது திறந்தவெளி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் எண்ணூர் சாலை. வேறு வழியில்லாமல் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். நல்ல இடம். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

வால்டர் அந்த ஏணியை உச்சி வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மகன் தோளில் கை போட்டார்.

"வா, டீ குடிக்கலாம்."

சாவியோ நகராமல் நின்றான். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான் போல.

"வாடா," என்றார் வால்டர். "டீக்கடை தரைலதான் கீது."